வாசலில் சப்பாத்தைக் கழற்றியவர்

எழுபதுகளில் பொகவந்தலாவைப் பக்கம் வந்த அந்த ஆராய்ச்சியாளர், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். கொழும்பிலிருந்து வந்த எவரும் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை. தேயிலைத் தோட்டங்களில் திருட்டு வழக்கு ஏன் அதிகம் என்பது அவருடைய கேள்வி. தோட்டப் பள்ளி வாத்தியாரான நான்தான் வீடு வீடாக அழைத்துப் போனேன்.

கொழுந்தெடுக்கும் ராக்காயி அவருக்குப் பிளேன்டீ கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அடுப்புக்கு நான் நாலு குச்சி எடுத்தா பொலிசுக்குப் போகுதுங்க. தொரைமாரு தேயில மூட்டைய கடத்துனா பங்களாவுலயே பேசி முடிச்சிக்கிறாங்க. அப்ப பொலிஸ் புத்தகத்துல எங்க பேருதானேங்க இருக்கும்?"

"இதைத்தான் தேடி வந்தேன், அம்மா" என்று அவர் எழுதிக்கொண்டார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

மறுவருஷம் புத்தகம் வந்தது. திருட்டு என்பது லயத்து மக்களின் வளர்ப்பிலேயே ஊறிய பழக்கமாம். சான்று, விறகு எடுத்ததை ராக்காயி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது! பங்களாவைப் பற்றி ஒரு வரி இல்லை. முன்னுரையில் எனக்கு நன்றி வேறு.

"நான் சொன்னத அந்த ஐயா எழுதுனாருங்களா, சார்?" என்று கேட்டாள் ராக்காயி.

"எழுதியிருக்காரு" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் எதற்காகச் சப்பாத்தைக் கழற்றினார் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.