தடம் பெருக்குகிறவர்

மணல்மேட்டிலிருந்து தண்ணீரை நோக்கிப் பின்பக்கமாக நடந்துகொண்டே பெருக்குகிறார். இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு, பின்னால் ஓர் அடி. உடைந்த துடுப்பின் நுனியில் ஈர்க்குகளை இறுக்கிக் கட்டிய துடைப்பம் கையில். கிழக்கு வெளுக்கிற நேரம். சற்று முன்புதான் ஒரு கடலாமை கரையேறி, குழி தோண்டி, நூற்றுச் சொச்சம் முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பியிருக்கிறது. அது வந்து போன தடம் டிராக்டர் சக்கரம் உருண்ட மாதிரி பளிச்சென்று கிடக்கிறது. முட்டை திருடுகிறவர்கள் கண்ணில் அது படுவதற்குள் அழித்துவிட வேண்டும். ஆமையின் தடத்தோடு அவருடைய காலடியும் போக வேண்டும், அதனால்தான் இந்தப் பின்நடை. அலை நனைக்கிற இடம் வந்ததும் நிறுத்திக்கொள்வார். மீதியை அலை பார்த்துக்கொள்ளும்.

தெருவில் அவருக்குப் பெயர் துடைப்பம். ஒளிவுமறைவெல்லாம் இல்லை, முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். "துடைப்பம் அண்ணே, எஞ்சின் இருமிட்டே நிக்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்று படகுக்காரர்கள் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் போவார். படகு எஞ்சின் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. நகக்கண் முழுக்க கிரீஸ், கிரீஸின் மேல் மணல். வயது ஐம்பத்தெட்டு. முழங்கால்கள் இரண்டும் அவரை விட மூத்தவை. உட்கார ஒரு "அம்மாடி" வேண்டும், எழுந்திருக்க இரண்டு.

"இருபத்தெட்டு வருஷத்துல வீட்டை ஒரு நாள் கூட்டினது கெடையாது இந்த மனுஷன். கடற்கரையை மட்டும் பளபளன்னு வச்சிருக்காரு" என்பார் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். துடைத்த ஈரத் தரையில் நடந்து வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. நின்று, திரும்பிப் பார்த்து, தன் கால் தடத்தைத் தானே காலால் தேய்ப்பார். அழுக்கு இன்னும் நாலு பக்கம் பரவும். "ஐயா சாமி, இங்க யாரும் முட்டை போடல. பேசாம உக்காருங்க" என்று மனைவி கையெடுத்துக் கும்பிடுவார்.

எந்தக் கூடு எங்கே இருக்கிறது என்பதை அவர் எழுதி வைப்பதில்லை. சாப்பிடும்போது வாய்க்குள் முணுமுணுப்பார். "மூணாவது விளக்குக் கம்பம், அறுபத்திரெண்டு அடி, கடலைப் பார்த்து இடது கை." கேட்டுக் கேட்டு மனைவிக்கும் மனப்பாடமாகிவிட்டது. "மறந்துட்டா என்னைக் கேளுங்க, நான்தான் உங்க ரிஜிஸ்டர்" என்று தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பார்.

போன வருஷம் வரை எழுதி வைத்தவர்தான். எழுதியதோடு நிற்காமல் கொடியும் நட்டவர். ஆமைகளைக் காக்க இவரும் சேர்ந்து ஆறு பேர் நடத்தும் சின்னச் சங்கம் ஒன்று இருக்கிறது. செயலாளர், மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா. போன வருஷம், தெரியாமல் யாரும் மிதித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டின் பக்கத்திலும் சிவப்புக் கொடி நடலாம் என்ற யோசனையைச் சொன்னவர் நம் துடைப்பம் அண்ணன்தான். எல்லோரும் கை தட்டினார்கள். படத்தில் பார்க்க அழகாகவும் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரே விடியலில் பத்தொன்பது கூடுகளில் பதினொன்றைத் தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒவ்வொரு குழியின் பக்கத்திலும் கொடி மட்டும் கோணாமல் நின்றது.

"பதினொண்ணும் நான் நட்ட கொடி" என்பார்.

தோண்டியவன் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் கையும் களவுமாகப் பிடித்ததில்லை, அவ்வளவுதான். அவனுக்குப் பெயர் கம்பி. மெல்லிய இரும்புக் கம்பியை மணலில் குத்திக் குத்திப் பார்ப்பான். முட்டையில் பட்டு நுனி பிசுபிசுவென்று வந்தால் அங்கே கூடு. கொடி நட்ட வருஷம் அந்தச் சிரமமும் அவனுக்கு மிச்சம். இப்போதும் காலையில் எதிரே வந்தால் மரியாதையாகத்தான் பேசுவான்.

"என்னண்ணே, இன்னிக்கும் ஆமை லீவா?"

"ஆமைக்கு லீவுதான். எனக்குத்தான் கெடையாது."

இந்த வருஷம் ஆமைகள் வரத் தொடங்கிய ஒரு மாதத்தில் மருந்துக்கடை அம்மா எஞ்சின் பட்டறைக்கு வந்து நின்றார். நிதி தரும் அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம் வருகிறாராம். கூட்டைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாராம்.

"கையெழுத்து இல்லன்னா?"

"ராத்திரிக் காவலுக்குப் போற ரெண்டு பேரையும் நிறுத்தணும். ரோந்துப் படகைத் திருப்பிக் குடுக்கணும். அப்புறம் நீங்களும் உங்க துடைப்பமும்தான்."

"போன வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். காவல் போட்டும் திருட்டுப் போச்சுன்னா அந்தக் காவலுக்கு எதுக்கு நிதின்னு கேக்குறாங்க. ஒரே ஒரு தடத்தை மட்டும் பெருக்காம விட்டு வைங்களேன்."

"விட்டு வச்சா மேடம் மட்டுமா பார்ப்பாங்க?" என்றவர் ஸ்பார்க் பிளக்கைத் தேய்ப்பதை நிறுத்தினார். "ஒரு மாசமா நான் என்ன வேலை செஞ்சேன்னு காட்டச் சொன்னா, ஒண்ணுமே இல்லாத மணலைத்தாம்மா காட்டணும்."

ஒன்றுமே இல்லாத மணலைத்தான் மேடமும் பார்த்தார். காலை பத்து மணி, வெயில் ஏறிவிட்டது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டு, "இங்க ஆமையே வர்றதில்லையா?" என்றார். கரையில் ஏற்றி வைத்த படகு ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு கம்பியும் பார்த்துக்கொண்டிருந்தான். மருந்துக்கடை அம்மாவின் கண்கள் இவர் முகத்தை விட்டு அகலவில்லை. இவர் கம்பி உட்கார்ந்திருந்த படகை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

அவர் காட்டியது கூடே இல்லை. கம்பிக்குப் போக்குக் காட்டுவதற்காக அவரே இரண்டு நாள் முன்பு தோண்டி மூடிய வெறுங்குழி. ஆமை துடுப்புக்காலால் மணலை வாரி இறைத்து மூடுகிற மாதிரியே கையால் இறைத்து மூடுவார், வித்தியாசம் தெரியாது. மேடம் மண்டியிட்டு மணல்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"உள்ள எத்தனை இருக்கும்?"

"நூத்திப் பத்து இருக்கும்ங்க."

"காதை வச்சா சத்தம் கேக்குமா?"

"இப்பக் கேக்காதுங்க."

மேடத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. அங்கேதான் இவர் உடைந்துபோனார். வந்தவர் மிடுக்கும் அதட்டலுமாக இருந்திருந்தால் பாதகமில்லை. நல்ல மனுஷியாக இருந்து தொலைத்துவிட்டார். அன்று இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நல்ல பொம்பளை. அவங்களைப் போய் ஏமாத்திட்டேன்."

"முட்டையைக் காப்பாத்தினீங்களா இல்லையா?" என்றார் மனைவி.

"ரெண்டையும்தான் செஞ்சேன்."

அடுத்த வாரமே கையெழுத்து வந்தது. கூடவே ஒரு வண்டியில் பன்னிரண்டு பலகைகளும் வந்து இறங்கின. பச்சை வண்ணம், சிரிக்கிற ஆமைப் படம், கீழே பெரிய எழுத்தில் அறக்கட்டளையின் பெயர். கூட்டுக்கொரு பலகை என்று பன்னிரண்டையும் நட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

"கொடியே தேவலாம் அண்ணே. இதுல படமே போட்டிருக்காங்க" என்று மருந்துக்கடை அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

இவர் ஒரு பலகையைத் தூக்கி, திருப்பி, கனம் பார்த்தார்.

"தோண்டணும்" என்றார் கடைசியில்.

"எதை?"

"குழியை. ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. இன்னும் பதினொண்ணு."

நான்கு விடியல் அதற்கே போயிற்று. முதலில் நிஜத் தடங்களைப் பெருக்கி முடிப்பார். பிறகு எட்டத்தில் போய் வெறுங்குழி தோண்டி, மூடி, மணலை இறைத்து, பலகையை நட்டுப் படம் எடுப்பார். இருந்த ஒரு வேலை இரண்டாயிற்று. முழங்கால் வீங்கி, மாடிப்படியை உட்கார்ந்தே இறங்கினார். நிஜக் கூடுகள் பதினாறு. அவற்றின் மேல் ஒரு துரும்பு இல்லை. அவர் தலையிலும் மனைவியின் தலையிலும் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

ஐந்தாம் நாள் காலையில் முதல் பலகை பிடுங்கப்பட்டுக் குப்புறக் கிடந்தது. மேடம் கை வைத்துப் பார்த்த அதே குழி. சுற்றிலும் கம்பி குத்திய துளைகள். இத்தனை நாள் காத்திருந்தவன் காவல் அசந்த நேரம் பார்த்து, இடுப்பளவு ஆழத்துக்கு ஆத்திரத்தோடு தோண்டி, ஒன்றும் கிடைக்காமல் மணலை வாரி எறிந்துவிட்டுப் போயிருந்தான்.

சிரிப்பார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "அம்மாடி" என்று குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் மணலைத் தள்ளித் தள்ளிக் குழியை மூடினார். பலகையை நிமிர்த்தி, பழைய இடத்திலேயே ஊன்றி, ஒரு கல்லால் நாலு தட்டுத் தட்டினார். அறக்கட்டளையின் பெயர்மேல் ஈர மணல் அப்பியிருந்தது. சட்டை நுனியை இழுத்து, அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துவிட்டார்.