புல்லுக்குப் பச்சை அடித்த ஜம்பு

மராட்டிய மண்ணில், போபோடியில் குடியிருந்த ஜம்புவுக்குப் போசரியில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. பல வருடங்களாகப் பம்புகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவந்தார். அந்தப் பச்சையைப் பார்த்து யாருக்கும் கவிதை வராது. துருவும் வராது, அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடையில் அவருக்குள் ஒரு கலைஞன் விழித்துக்கொண்டான். காரணம், மேனேஜர் காலேயின் பங்களாத் தோட்டம். ஊரே காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் டேங்கர் தண்ணீரில் வாழையும் புல்வெளியும் வெட்கமில்லாமல் செழித்தன. ஞாயிறுதோறும் ஜம்பு வேலிக்கு வெளியே உட்கார்ந்து படம் வரைந்தார்.

"கொழாயில சொட்டுத் தண்ணி இல்ல. நீ பிரஷ் கழுவ ஒரு சொம்பு எடுத்துக்கினு போறியே!" என்றாள் மனைவி விசாலம்.

"ஒரு வாழ எலைலயே ஆறு பச்ச கீதுடி!"

"அதுல எத்த கொழம்புல போடட்டும்?"

மே கடைசியில் டேங்கரும் நின்றது. புல்வெளி பழுப்பானது. அந்த வாரம் பார்த்துத்தானா மும்பையிலிருந்து கம்பெனித் தலைவர் வரவேண்டும்? தோட்டத்தில் தேநீர் விருந்து வேறு. காலே ஜம்புவைக் கூப்பிட்டார்.

"தும் ஆர்ட்டிஸ்ட் ஹோ நா? காஸ் கோ ஹரா கர் தோ."

புல்லுக்குப் பச்சை அடிக்கவேண்டுமாம். ஜம்புவின் கலைக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம்.

கம்பெனிப் பச்சையைப் பீய்ச்சிவிட்டுப் போயிருக்கலாம். கலைஞன் விடவில்லை. மாமர நிழலில் கொஞ்சம் கறுப்புக் கலந்தார். வெயில் விழும் இடத்தில் மஞ்சள் கூட்டினார். கூட வேலைசெய்த சேவியருக்குப் பொறுமை போய்விட்டது.

"எதுக்குண்ணே இத்தினி நுணுக்கம்? மாடா மேயப் போவுது?"

"மாடே வந்தாலும் ஏமாறணும்டா."

மாடு வரவில்லை. தலைவர் வந்தார். புல்லைப் பார்த்துச் சொக்கிப்போய், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நிழல் பக்கம் இன்னும் காயவில்லை. பங்களாவின் வெள்ளைத் தரையில் பச்சைப் பாதங்கள் வரிசையாக உள்ளே போயின. எல்லோரும் பாதங்களைப் பார்த்தார்கள், காலே கூரையைப் பார்த்தார். தலைவரே கவனித்துவிட்டு, "ஆஹா, புல்லில் எவ்வளவு சாறு!" என்று மகிழ்ந்தார். கம்பெனியின் சிறந்த தோட்டத்துக்கான கேடயம் காலேவுக்குப் போனது. ஜம்புவுக்கு ஒரு சமோசா கிடைத்தது.

ஜூனில் மழை கொட்டியது. பெயிண்ட் உரிந்து, அடியிலிருந்து நிஜப் புல் முளைத்தது. வேலியோரம் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு ஜம்பு வீடு திரும்பினார்.

"எப்படிக் கீது?" என்று கேட்டாள் விசாலம்.

"ஒரே பச்ச. ஷேடிங்கே இல்ல," என்றார் வருத்தமாக.