நஜீம் கேட்ட கேள்வி

நான் வேலை செய்யும் ஹம்பேர்க் தொழிற்சாலையின் சாப்பாட்டு மண்டபத்தில், கேட்காமல் யாரும் பக்கத்துக் கதிரையில் அமரமாட்டார்கள். நேற்று ஒரு ஜேர்மன் பெண் தட்டோடு வந்து, "அலைன்?" என்றார். தனியாகவா என்று கேட்டிருக்கிறார். என் காதில் அது 'அல்லே', அதாவது 'எல்லாரும்' என்று விழுந்தது. வீட்டார் எல்லாரையும் சுகம் விசாரிக்கிறாராக்கும் என்று, "யா, குட்" என்றேன். தனியாக இருப்பதே எனக்கு நல்லது என்கிறேனாக்கும் என்று அவர் வேறு மேசைக்குப் போய்விட்டார். எழுந்து போய் விளக்க அலுப்பாக இருந்தது.

அடுத்த மேசையில் நம்மவர்கள் நால்வர். போன மாதம்வரை நானும் அங்கேதான் இருந்தேன்.

திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்தபோதும் எனக்கு இப்படியொரு கூட்டம் இருந்தது. வெருகலிலிருந்து புதிதாக வந்த தம்பிராசாவைப் பகிடி பண்ணுவதே எங்கள் பொழுதுபோக்கு. ஒருநாள் பித்தளைக் கப்பியொன்று காணாமற்போனது. அவர்தான் எடுத்தார் என்று கூட்டாளிகள் முடிவுகட்டினார்கள். என் கையெழுத்து அழகென்பதால் முறைப்பாட்டை நானே எழுதினேன். கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் நஜீம் மட்டும் ஒப்பமிட மறுத்தார்.

"நீங்க கண்ணால கண்டனீங்களா?"

"இல்ல. எல்லாரும் சொன்னாங்கள்."

"தனிய இருக்கேக்க நீங்க நல்ல மனிசன். அவங்களோட சேர்ந்தா வேற ஆள்."

தம்பிராசாவுக்கு வேலை போனது. இரண்டு கிழமை கழித்து, பெயின்ற் பேணிகளுக்குப் பின்னால் கப்பி கிடந்தது. மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, நஜீமையும் கூட்டிக்கொண்டு வெருகலுக்குப் பஸ் ஏறினேன்.

"வேலை திரும்பத் தருகினமாம், வாங்கோ" என்றேன்.

"கள்ளன் எண்ட பேரோட அந்தக் கேற்றைத் தாண்டி வந்தனான். இனி ஏலாது" என்றார் தம்பிராசா. பிறகு தேத்தண்ணி தந்தார்.

அதற்குப் பின் ஊரைவிட்டு வரும்வரை நஜீமோடுதான் சாப்பிட்டேன். அவர் பெரிதாகப் புத்தி எதுவும் சொன்னதில்லை. ஆனால் யாரைப் பற்றியாவது கதை வந்தால், "கண்டனீங்களா?" என்பார். கேட்டுக்கேட்டு அது என் வாய்க்கும் வந்துவிட்டது.

போன மாதம் இங்கே ஒருவரின் கைக்கடிகாரம் தொலைந்தது. புதிதாக வந்த துருக்கிக்காரர்தான் எடுத்தார் என்றார்கள் நம்மவர்கள்.

"உனக்குத்தான் கொஞ்சமாவது பாஷை தெரியும், போய் போர்மனிட்டச் சொல்லு."

"ஆர் கண்டது?" என்றேன்.

"நீ ஆரின்ர பக்கம்?"

அன்றிலிருந்து பேச்சில்லை. கடிகாரமும் கிடைக்கவில்லை. துருக்கிக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. என்னைக் கண்டால் தலையசைப்பதும் இல்லை. சரியாகத்தான் நடந்தேன் என்று தெரிகிறது, ஆனால் அதில் தெம்பு எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்பே ஆற்றங்கரையில் கப்பல்களைப் பார்த்தபடி நஜீமுக்குக் கடிதம் எழுதினேன். 'எங்கட துறைமுகத்தில இண்டைக்குச் சரியான காத்து' என்று ஒரு வரி. எந்தத் துறைமுகத்தைச் சொன்னேன் என்று எனக்கே பிடிபடவில்லை. வெட்டாமல், அப்படியே ஒட்டி அனுப்பினேன்.