சுருட்டு தின்ற மூச்சு

இருபத்திரண்டு வயதில் எனக்கு ஊரில் ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. என் மூச்சு. குரும்பகரத்தில் அறுப்பு முடிந்த வயல்களில் சடுகுடு நடக்கும். நான் பாடிக்கொண்டு எதிர்க்கட்சிக்குள் போனால், நாலு பேர் காலைப் பிடித்து மேலே விழுந்தாலும் பாட்டு அறுபடாது. அத்தனை பேரையும் சுமந்துகொண்டு ஊர்ந்து வந்து கோட்டைத் தொடுவேன்.

அந்த மூச்சைப் பார்த்துத்தான் காரைக்கால் கடைத்தெருவில் ஒரு முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. வடக்கே பூவத்தைத் தாண்டி நண்டலாற்றில் இறங்கினால் எல்லை முடிந்துவிடும். அக்கரையில் மதுவிலக்கு. இக்கரையில் சாராயத்தைக் கடை திறந்து விற்றார்கள். சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பி இடுப்பிலும் தோளிலும் சுற்றிக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு, விடியும் நேரத்தில் ஆற்று மணலில் ஓடிக் கடக்க வேண்டும். அக்கரை ஏறி ஒரு வாய்க்காலைத் தாண்டினால் பனங்கொல்லை. அங்கே ஒருவன் சைக்கிளோடு நிற்பான். தூரம் பெரிதில்லை. ஆனால் மணலில் பாரத்தோடு ஓடிப் பார்த்தவனுக்குத்தான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

என்னோடு ஓடியவர் காரைக்கால்மேட்டுக்காரர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கட்டுமரத்தில் துடுப்புப் போட்டு இறுகிய தோள். கடலில் மீன் படாத மாதங்களில் மட்டும் இந்த வேலைக்கு வருவார். நான் அவரை அண்ணே என்பேன். தொடக்கத்தில் எப்போதும் நான்தான் முன்னால் ஓடினேன். எதிர்க்கரையில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருப்பேன். "காத்தாட்டம் போறியேடா" என்பார்.

ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் முதலாளி ஒரு மரப்பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு சுருட்டு கொடுப்பார். கறுத்த, தடித்த சுருட்டு. அண்ணனுக்கு அந்த வாசமே ஆகாது. தன்னுடையதையும் என்னிடம் நீட்டுவார்.

"எனக்கு எதுக்குடா இது? நீயே வச்சுக்க."

இரண்டையும் நான்தான் பிடித்தேன். பிறகு வேலை இல்லாத நாட்களிலும் வாங்கிப் பிடித்தேன். யாராவது கேட்டால் என்னிடம் ஒரு பதில் இருந்தது. பீடி குடிக்கிறவன் புகையை நெஞ்சுக்குள் இழுக்கிறான், அதுதான் கெடுதல். சுருட்டுப் புகை வாயோடு சரி. இதை முதலாளி சொல்லித்தான் கேட்டேன். சொன்னவர் நாற்காலியை விட்டு எழுந்து ஓடியதே இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். காலையில் எழுந்தால் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கும். இருமித் துப்பினால் பழுப்பாக வரும். ஆற்று மணலில் அண்ணன் எனக்கு இணையாக வர ஆரம்பித்தார். அவர் வேகம் கூடிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் அவர் எனக்காகத் தன் ஓட்டத்தைக் குறைப்பதைக் கவனித்தேன்.

அந்தப் பொங்கலுக்கு மறுநாள் பக்கத்து ஊர்க்காரர்களோடு சடுகுடு. என் முறை வந்தது. பாடிக்கொண்டு போய் ஒருவனைத் தொட்டுவிட்டேன். திரும்பும்போது இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். நாலு பேரை இழுத்தவனுக்கு இரண்டு பேர் என்ன பெரிசு? ஆனால் கோட்டுக்கு இரண்டு முழம் இருக்கும்போது நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. பாட்டு நின்றுவிட்டது. மண்ணில் முகம் பதிய இருமினேன். பிடித்தவர்கள் பயந்து கையை விட்டுவிட்டார்கள்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று எதிர்க்கட்சிக்காரன்தான் கேட்டான்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அண்ணன் என்னைத் தனியே அழைத்துப் போனார். "சுருட்ட விட்டுருடா. இல்ல, ஆத்து வேலைய விட்டுரு. ரெண்டையும் வச்சுக்கிட்டு உன்னால முடியாது."

"பனிண்ணே. நெஞ்சுல சளி. சரியாயிடும்."

அடுத்த முறை முதலாளி சுருட்டை நீட்டியபோது அண்ணன் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் கோபம்கூட வந்தது.

பங்குனியில் ஒரு காலை. ஆற்றைக் கடந்து, வாய்க்காலைத் தாண்டி, பனங்கொல்லைக்குப் போய்விட்டோம். சைக்கிள்காரனைக் காணவில்லை. தூரத்தில் இரண்டு காவல்காரர்கள் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு தாழம்புதருக்குள் பதுங்கினோம். அவர்கள் ஏதோ பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். இன்னும் பத்தடி போயிருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

எனக்கு இருமல் வந்தது. சட்டையை வாயில் திணித்தேன். அண்ணன் என் வாயைத் தன் உள்ளங்கையால் அழுத்தினார். அடக்க அடக்க அது வயிற்றிலிருந்து கிளம்பியது. கடைசியில் வெடித்துவிட்டது.

ஓடினோம். அண்ணன் வாய்க்காலை ஒரே தாவாகத் தாவிவிட்டார். நான் கரைக்கு வந்தபோது கண் இருட்டியது. தாவக் கால் எழவில்லை. சேற்றுக்குள் விழுந்தேன். ஆள் உயரக் கரை. பிடித்து ஏற முயன்றேன், சரிந்தேன், மறுபடி முயன்றேன். வாயைத் திறந்து காற்றை இழுத்தாலும் உள்ளே போகவில்லை.

அவர் அப்படியே ஓடியிருக்கலாம். ஆறு பக்கத்தில்தான். திரும்பி வந்து வாய்க்காலுக்குள் குதித்தார். என்னைத் தோளில் ஏற்றி, அடியில் கைகொடுத்து மேலே தள்ளினார். நான் கரையில் குப்புறக் கிடந்தேன். அதற்குள் காவல்காரர்கள் எதிர்க்கரைக்கு வந்துவிட்டார்கள். அவர் மதகு ஓரமாக ஏறப் பார்த்தார். இரண்டு கற்களுக்கு நடுவே கால் மாட்டிக்கொள்ள, பாரத்தோடு உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது.

"போடா" என்றார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

போனேன். ஓடினேன் என்று சொன்னால் பொய். ஆற்று மணலில் நாலடிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். விழுந்து கிடந்தவரைத் தூக்குவதில் அவர்கள் இறங்கிவிட்டதால் என்னை யாரும் துரத்தவில்லை. மாட்டு வண்டி பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகு சிறை.

அன்று மாலை நான் ஒரு சுருட்டுப் பிடித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காரைக்கால்மேட்டுக்குப் போனேன். அவர் மனைவி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். மடியில் கைக்குழந்தை. நடந்ததைச் சொன்னேன். இருமலை மட்டும் சொல்லவில்லை.

"நீங்க எப்படி தப்பிச்சீங்க?" என்றார்.

"அண்ணன்தான் என்னைத் தூக்கிவிட்டாரு."

கூடையைக் கவிழ்த்து வைத்தார்.

அண்ணன் வரும்வரை அந்த வீட்டுக்கு நான் உழைப்பது என்று முடிவு செய்தேன். ஆற்று வேலை ஓடத் தெரிந்தவனுக்குத்தான். கரைவலை இழுக்க உடம்பு இருந்தால் போதும் என்று நினைத்துச் சேர்ந்தேன். கடலில் வளைத்துவிட்ட வலையை, கரையில் இரண்டு வரிசையாக நின்று கயிற்றோடு பின்னால் நடந்து இழுக்க வேண்டும். அறுபது வயது ஆட்களும் இழுத்தார்கள். முதல் நாள் பாதி வலை வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. ஐந்தாம் நாள் கயிற்றைப் பிடித்தபடியே இருமி மண்டியிட்டேன். பின்னால் இருந்தவர் என்மேல் இடறி விழுந்தார்.

பத்தாம் நாள் அந்த வரிசையை நடத்தியவர் என்னைக் கூப்பிட்டார். "நீ இழுக்கலப்பா. கயித்தப் புடிச்சுக்கிட்டுத் தொங்குற. உன்னையும் சேத்து நாங்க இழுக்குறோம். நாளையிலேருந்து வராத."

அந்தக் கடற்கரையில் உட்கார்ந்துதான் இடுப்பில் இருந்த சுருட்டுகளைத் தண்ணீரில் வீசினேன். நாலே நாளில் மறுபடி வாங்கினேன். அப்படி விட்டு, வாங்கி, விட்டு, ஒருவழியாகப் பழக்கம் நின்றபோது அண்ணன் சிறையிலிருந்து வந்துவிட்டார்.

எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. இடது முழங்கால் மடங்கவில்லை. கட்டுமரத்தில் காலை மடக்கி முட்டிபோட்டுத்தான் துடுப்புப் போட வேண்டும். அவரால் முடியாது. படகுகள் வந்து சேரும் இடத்தில் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, அன்னைக்கு என் இருமலாலதான்..."

"தெரியும்டா." வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு பேரு ஓடுனீங்களேன்னு கேட்டாங்க. நான் ஒருத்தன்தான்னேன். அப்ப இருமுனது யாருன்னாங்க. நான்தான்னேன்." ஒரு சிக்கலைப் பிரித்துவிட்டுக் கேட்டார்: "விட்டுட்டியா?"

"விட்டுட்டேண்ணே."

"நல்லது."

சில வாரங்களில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. நண்டலாற்று மணலில் யார் வேண்டுமானாலும் இரண்டு பக்கமும் நடந்து போனார்கள். கடைத்தெரு முதலாளி துணி வியாபாரத்துக்கு மாறிக்கொண்டார். நான் நெல் அரைக்கும் மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். மூட்டை தூக்க முடியாது என்பதால் எடை பார்க்கும் வேலை கொடுத்தார்கள். சுருட்டை விட்டபின் இருமல் குறைந்தது. நடக்கும்போது மூச்சு வாங்குவது குறைந்தது. பழைய மூச்சு மட்டும் வரவில்லை. சடுகுடு நடக்கும் வயல் பக்கம் நான் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனைப் பார்க்கப் போவேன். நன்றாகத்தான் பேசுவார். கடல் எப்படி இருக்கிறது, யார் படகில் என்ன மீன் பட்டது, எல்லாம் சொல்வார். ஒருநாள் நான் கிளம்பியபோது அவர் மனைவி தெருமுனை வரை கூடவே வந்தார்.

"ஒண்ணு சொல்லுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்தா அவரு சிரிச்சுப் பேசுறாரு. நீங்க போனதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு எங்க யார்கிட்டயும் பேச மாட்டேங்குறாரு. புள்ள கிட்ட போனாக்கூட தள்ளிவிடுறாரு."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இனிமே வராதீங்க" என்றார்.

சரி என்றேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை.