கண்ணுக்குப் போட்ட கறுப்புப் பட்டை

போன வருடம், நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது இது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த பலருக்கும் பல்லில் காவிக் கறை இருக்கும். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே கேன் தண்ணீர். என் பல் பளிச்சென்று இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இந்தக் கறையைப் பற்றியே ஆராய்ச்சி செய்தேன். தெருத் தெருவாகத் தண்ணீர் பிடித்து வந்து சோதித்தேன். வீடு வீடாகப் போய் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொன்னேன். நான் பாதி டாக்டர் ஆகிவிட்டதாகவே நினைப்பு!

சார்ட்டில் ஒட்ட நல்ல படம் ஒன்றுதான் பாக்கி. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர். வெளியாட்கள் முன்னால் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பார். என்னிடம் மட்டும் அந்தக் கூச்சம் கிடையாது.

"மூஞ்சி தெரியாதில்ல கண்ணு?" என்று கேட்டார்.

"கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டுருவேங்க்கா. யாருன்னே தெரியாது."

புத்தகத்தில் நோயாளிகள் படத்தை அப்படித்தானே போடுகிறார்கள்? "உனக்காவத்தான்" என்று என் போனுக்கு முன்னால் பல்லைக் காட்டினார்.

கண்காட்சியில் என் சார்ட்டுக்கு நல்ல கூட்டம். நான் மும்முரமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருக்கார அம்மா ஒருவர் குறுக்கே புகுந்தார். "அட, கம்பெனிக்குப் போற நம்ம தெருப் புள்ளதான இது? பல்லப் பாத்தாலே தெரியுதே!" சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிலர் போனில் படம் வேறு எடுத்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா இத்தனை வருடமாக மறைத்து வந்தது பல்லை. நான் மறைத்தது கண்ணை.

உடனே அந்தப் படத்தைக் கிழித்திருக்கலாம். செய்யவில்லை. நடுவர்கள் இன்னும் வரவில்லையே! முதல் பரிசும் கிடைத்தது. சார்ட்டோடு நான் இளித்துக்கொண்டு நிற்கும் படம் அன்று சாயங்காலமே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது.

மறுநாள் அக்கா வேலை முடிந்து வந்ததும் ஓடிப்போய் அழுதேன். "தெரியாம பண்ணிட்டேங்க்கா" என்றேன். அதிலும் பாதி பொய்.

"பஸ்ஸுல எல்லாரும் அதத்தான் பாத்துட்டு இருந்தாங்க. வுடு கண்ணு, நீ பரிசு வாங்கிட்ட இல்ல" என்றார். பேசும்போது அவர் கை வாய்மேலேயே இருந்தது, என்னிடம்கூட. நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் என்னை நம்பி வாய் திறந்த ஒருவரை ஒரு பரிசுக்காகச் சந்தி சிரிக்க வைத்தவள் நான் என்று நினைக்கும்போது, அந்த ஆசையை யாரிடமும் வெளியே சொல்ல நாக்கூசுகிறது.