சீசன் முடிந்ததும்

ஒரு ஐஸ் ஹாக்கி அணி தோற்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டவன் நான். எதிரி அணியாக இருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர் அணி, ஒரு வகையில் எனக்குச் சோறு போட்ட அணி. இதை இத்தனை வருடம் நான் வெளியே சொன்னதில்லை. நியூ ஜெர்சியில் சிலர் காதில் விழுந்தால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் குறையும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பார்சிப்பனியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். விளையாட்டு அரங்கங்களுக்கு டிக்கெட் விற்கும் புரோகிராம் எழுதுவது எங்கள் தொழில். எந்த வரிசையில் எந்த நாற்காலி காலி, எது விற்றாகிவிட்டது என்று கணக்கு வைக்கும் பகுதி என் பொறுப்பு. எங்கள் பெரிய வாடிக்கையாளர் இந்த ஹாக்கி அணிதான். முந்தைய வருடம் கோப்பையை வென்றிருந்தார்கள். அலுவலகத்தில் அவர்களைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும்.

எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஹாக்கி என்றால் மட்டை, புல்தரை, வெயில் என்று வளர்ந்தவன். இங்கே பனிக்கட்டி மேல் வழுக்கிக்கொண்டு போய் ஆளை ஆள் சுவரோடு வைத்து மோதுகிறார்கள். கறுப்புத் தோசைக்கல் மாதிரி ஒரு சின்ன வட்டு, அது எங்கே போகிறது என்றே என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்டம் எப்படிப் போனால் எனக்கென்ன, நாற்காலிக் கணக்கு சரியாக இருந்தால் போதும் என்று இருந்தேன்.

அந்த ஆவணியில் ஊருக்குப் போய்ப் பெண் பார்த்திருந்தேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம். எல்லோரும் என் சம்பளத்தையும் விசாவையும் விசாரித்துக்கொண்டிருக்க, அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அங்க பக்கத்துல லைப்ரரி இருக்குங்களா?" இருக்கிறது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. திரும்பி வந்த வாரமே, நான் குடியிருந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தேடிக் கண்டுபிடித்து உறுப்பினர் அட்டை வாங்கி வைத்தேன். அவ்வளவு பிடித்துப்போயிற்று.

தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. வேலை நெருக்கடியில் தை மாதம் நான் போக முடியாது என்று ஆகிவிட்டது. ஒரு தடவை தள்ளிப்போட்டதிலேயே பெண் வீட்டில் முணுமுணுப்பு. பையனுக்கு அங்கே வேறு ஏதாவது இருக்குமோ என்று யாரோ ஒரு சொந்தக்காரர் பற்ற வைத்துவிட்டார். நிச்சயமும் என் வரவுக்காகவே நின்றது. இரண்டாம் தடவை தள்ளிப்போட்டால் இந்தப் பேச்சு முறிந்துவிடும் என்று அப்பா போனில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

அதனால் இந்த முறை நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தேன். ஜாக்கிரதையாக இருந்துதான் மாட்டிக்கொண்டேன்.

அக்டோபரில் எங்கள் மேனேஜர் எல்லோருக்கும் சட்டைப் பையில் வைக்கிற அளவில் ஒரு அட்டை கொடுத்திருந்தார். அணியின் ஆட்டங்கள் எந்தெந்தத் தேதி என்று மாதம் மாதமாகக் கட்டம் போட்ட அட்டை. கடைசிக் கட்டம் ஏப்ரல் நடுவில் இருந்தது. அதன் பிறகு வெறும் வெள்ளை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். சீசன் முடிந்ததும் நான்கு வாரம் லீவு வேண்டும், கல்யாணம் என்றேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். சீசன் முடிந்ததும் தாராளமாகப் போய் வா என்றார்.

என் வரையில் காரியம் முடிந்தது. எனக்குத் தெரிந்த சீசன்கள் குற்றால சீசனும் மாம்பழ சீசனும்தான். சாரல் நின்றால் அது முடிந்தது, பழம் தீர்ந்தால் இது முடிந்தது. அப்பாவைக் கூப்பிட்டு ஏப்ரல் பாதிக்கு மேல் எந்தத் தேதியும் சம்மதம் என்றேன். அவர்கள் உட்கார்ந்து பேசி, சித்திரையின் கடைசி முகூர்த்தத்தைக் குறித்தார்கள்.

பிப்ரவரியில் பத்திரிகையின் மாதிரி ஒன்று தபாலில் வந்தது. அதை ஃப்ரிட்ஜ் கதவில், ஆட்ட அட்டைக்குப் பக்கத்தில், ஒரே காந்தத்தால் ஒட்டி வைத்தேன். என்னோடு தங்கியிருந்தவன் சென்னைக்காரன், எல்லா விளையாட்டையும் டிவியில் பார்க்கிறவன். பால் எடுக்க வந்தவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மச்சி, ஏப்ரலோட முடியுதுன்னு உனக்கு எவன் சொன்னான்?" என்றான். "இது ரெகுலர் சீசன்டா. இதுக்கப்புறம் பிளேஆஃப்ஸ் இருக்கு, நல்லா ஆடின டீமுங்க மட்டும் கப்புக்கு மோதுறது. போன வருஷம் கப் ஜெயிக்கறதுக்குள்ள ஜூனே பாதி போயிடுச்சு. அதை அட்டையில போட மாட்டாங்க, யாரு உள்ள வருவாங்கன்னே தெரியாதே."

மறுநாள் காலை மேனேஜரிடம் கேட்டேன். நான் வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கோப்பை வாங்கிய அணிக்கு ஏப்ரலில் சீசன் முடியுமா என்றார். அவர் அகராதியில் சீசன் என்பது கடைசி ஆட்டம் வரைக்கும், அதாவது ஜூன். இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக் கை குலுக்கியிருக்கிறோம், அவரவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு. அந்தச் சுற்றுகளில் அடுத்த ஆட்டம் என்றைக்கு என்பது முந்தைய சுற்று முடிந்த பிறகுதான் தெரியும். தெரிந்த சில மணி நேரத்தில் அத்தனை நாற்காலியும் விற்பனைக்குத் திறந்தாக வேண்டும். அந்த புரோகிராம் தெரிந்த இன்னொரு ஆள் அப்போதுதான் டெக்சஸில் இர்விங்குக்கு வேலை மாறிப் போயிருந்தார். உன்னை விட்டால் ஆளில்லை, என்னை மன்னித்துக்கொள் என்றார் மேனேஜர். நல்ல மனிதர். அதனால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை. எதற்காக லீவு கிடைக்காது என்று மூன்று தடவை கேட்டார். ஐஸ் மேல் விளையாடுகிறார்கள், அது முடிய வேண்டும் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "சித்திரை வெயில்ல ஐசு எப்படிக் கண்ணு நிக்கும்?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை அவளிடம் பேசினேன். அதற்கு முன் நான்கைந்து தடவை பேசியிருப்போம், சுற்றி ஆட்களை வைத்துக்கொண்டு. அன்று யாரும் பக்கத்தில் இல்லை போலிருக்கிறது. தேதி தட்டிப்போகலாம் என்றேன். "இன்னொரு தடவ தள்ளுனா எங்கப்பா ஒத்துக்க மாட்டாருங்க. நான் சொன்னாலும் எடுபடாது," என்றாள். அழவில்லை, குறை சொல்லவில்லை. நான்தான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

அன்றிலிருந்து பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒரு நல்ல செய்தி கண்ணில் பட்டது. எங்கள் அணி மகா மோசமாக ஆடிக்கொண்டிருந்தது. கோப்பையைத் தூக்கிய அதே ஆட்கள், அதே கோல்கீப்பர். ஆனால் அடித்த பந்தெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. (வட்டு என்று சொல்ல வேண்டும், எனக்குப் பந்துதான் வருகிறது.) ஜெயிக்க வேண்டிய ஆட்டம் டிராவில் முடிந்தது, டிராவாக வேண்டியது தோல்வியில் முடிந்தது. அடுத்த கட்டத்துக்கு எட்டு அணிகளுக்குத்தான் இடம். நாங்கள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஊசலாடினோம்.

தோற்ற மறுநாள் மேனேஜர் பத்து மணி வரை கோட்டைக் கழற்ற மாட்டார். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். இத்தனை பேர் வருத்தத்தில் நமக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருக்கும். வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும்.

மார்ச் கடைசியில் படுபாவிகள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். வரிசையாக மூன்று ஆட்டம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. என் பெயரில் அர்ச்சனை செய்தால் பிள்ளையாரிடம் நான் கேட்பது என்ன? இருபது பேர் தோற்க வேண்டும் என்றுதானே. ஆறு மாதமாக அடி வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர்கள். குருக்கள் காத்திருந்தார். பின்னால் வரிசை நின்றது.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அப்படிச் சொல்கிறவர்கள் பெரிய மனது படைத்தவர்கள் என்பார்கள். எனக்கு வாய் திறந்து கேட்கத் தைரியமில்லை, அவ்வளவுதான். மனதுக்குள் கேட்டதைச் சாமி கேட்டிருக்காதா என்ன.

எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் அரங்கத்திலேயே. ஜெயித்தால் உள்ளே, தோற்றால் வீட்டுக்கு. எதிர் அணி அந்த வருடம் யாரிடமும் ஜெயிக்காத நோஞ்சான் அணி. மேனேஜர் கம்பெனிக்குக் கிடைத்த இரண்டு டிக்கெட்டில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். மறுக்க முடியவில்லை. சதுப்பு நிலத்தின் நடுவில் இருக்கும் அந்த அரங்கத்தின் ஒவ்வொரு நாற்காலியும் எனக்கு எண்ணாகத் தெரியும். அன்றுதான் அதில் ஒன்றில் உட்கார்ந்தேன்.

முதலில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நான் மூச்சு விட்டேன். பிறகு எங்களில் ஒருவன், தலையில் தையல் போட்டவன், நாலு பேரைத் தாண்டிக்கொண்டு போய்ச் சமன் செய்தான். அரங்கமே எழுந்து நின்றது. நானும் கத்திக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டு கையையும் தூக்கியிருந்தேன். என்னடா செய்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பிப்ரவரியிலிருந்து தினமும் இவர்களைப் படித்துப் படித்து, எவனுக்கு முழங்கால் வலி, எவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பது வரை எனக்குத் தெரிந்திருந்தது. தோற்கட்டும் என்று கூடவே நடந்ததில், அவர்கள் எனக்கு வேண்டியவர்களாகிவிட்டார்கள்.

அப்புறம் எங்கள் ஆட்கள் மேலும் மேலும் கோல் வாங்கினார்கள். கடைசி கோல் விழுந்தபோது கோல்கீப்பர் முழங்கால் போட்டபடி அப்படியே இருந்தார். மணி அடித்ததும் என் வயிற்றில் யாரோ பாலை வார்த்தார்கள். அதே நேரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. எதற்கு வந்தது என்று இன்று வரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பெரும்பகுதி நிம்மதிதான், அதில் சந்தேகமில்லை.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. என்னை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார். நீயும் எங்களில் ஒருவன் என்று இன்றுதான் தெரிகிறது என்றார். கார் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவரே, சீசன் முடிந்துவிட்டது, போய்க் கல்யாணம் செய்துகொண்டு வா என்றார். அந்த வாக்கியத்துக்காக நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து, ஊரில் விடிவதற்காகக் காத்திருந்து, அங்கே ஆறு மணி ஆனதும் நேராகப் பெண் வீட்டுக்கே கூப்பிட்டேன். அவளுடைய அப்பா எடுத்தார். லீவு கிடைத்துவிட்டது, தேதியில் மாற்றமில்லை என்றேன். அவர் ரொம்ப நேரம் கழித்து, "சரிங்க மாப்பிள்ளை," என்றார். மாப்பிள்ளை என்று அவர் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. விசா முடிந்து அவள் வந்து சேர்ந்த முதல் வாரம், என் அலுவலகத்தைக் காட்டக் கூட்டிப்போனேன். லைப்ரரியை அதற்கு முன்பே பார்த்தாகிவிட்டது. திரும்பும்போது வேண்டுமென்றே சுற்றி அந்த அரங்கத்தின் பக்கம் காரை விட்டேன். கோடையில் அது பூட்டிக் கிடந்தது. அதைக் காட்டி, கோவில், அர்ச்சனை, நான் எழுந்து கத்தியது எல்லாம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க போன் பண்ணுனது திங்கக்கிழமை காலைலங்க," என்றாள். "அன்னிக்கு சாயங்காலம் அவிநாசியிலிருந்து என்னைப் பாக்க வர்றதா இருந்தாங்க. அப்பா வரச் சொல்லிட்டாரு. நான் மாட்டேன்னு சொல்லிப் பாத்துட்டு, முடியாம, சேலைகூட எடுத்து வெச்சுட்டனுங்க."

கல்யாணத்தின்போது அவள் வீட்டில் இருந்திருக்கிறேன், திரும்பி வந்து வாரா வாரம் போனில் பேசியிருக்கிறேன், இதை அவள் சொன்னதே இல்லை.

காரைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியை இறக்கி, பூட்டிக் கிடந்த அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்து, ஊரில் பஸ்ஸில் போகும்போது கோவில் வந்தால் செய்வதுபோல, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். பிறகு வண்டியை எடுத்தேன்.