சகுந்தலாக்காவின் பாதி ஜாங்கிரி

சி பிளாக் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: மாடிப்படிக்கு அடியில் இருக்கும் எடை மெஷினில் சென்ற இரண்டு வாரமாக நீங்கள் அனைவரும் மூன்று கிலோ கூடியிருக்கிறீர்கள், கைக்குழந்தைகள் உட்பட. மெஷினுக்கு வந்த நோய்க்கு நான்தான் கிருமி. காரணம் சொல்வதற்கு முன் சகுந்தலாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறு நாள் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருந்தவர் அன்று திரும்பிவிடுவார் என்று நம்பி, நாங்கள் எறிந்து விளையாடும் ரப்பர் ரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தில் நின்றிருந்தேன். அம்மா பால்கனியிலிருந்து என் பெயரைக் கூப்பிட்ட விதத்திலேயே அக்கா இனி வரமாட்டார் என்று புரிந்துவிட்டது.

டாக்டர் எழுதியது டெங்கு. ஒரு மணி நேரத்துக்குள் நம் மாடிப்படி அதைத் திருத்திச் சர்க்கரை என்று எழுதிவிட்டது. நடைப்பயிற்சிக் குழுவின் தலைவர் தனசேகர் மாமா என் தோளில் கை வைத்து, "பாத்தியா தம்பி, வாயைக் கட்டலைன்னா இதான் கதி" என்றார். பத்தாம் வகுப்பிலிருந்து வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்பவன் நான். அக்கா சாப்பிட்டே செத்தார் என்றால் அடுத்த பூமாலை யார் படத்துக்கு என்று கேட்கத் தேவையில்லை. மாமாவைப் பழிவாங்குவது என்று அந்தப் படியிலேயே முடிவு செய்தேன்.

அக்கா நம் தொழிற்சாலையில் யூனிபார்ம் தைக்கும் பிரிவில் இருந்தார். பன்னிரண்டு வருடச் சர்க்கரை. மாத்திரையை ஒரு வேளை விட்டதில்லை. விரலில் குத்திப் பார்த்த எண்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பார். ஆனால் நடைப்பயிற்சிக் குழுவில் இரண்டே நாள்தான் இருந்தார். "செக்குமாடு மாதிரி இன்னாத்துக்கு சுத்திகினு? நான் ஓடணும்னா எதிர்ல ஒருத்தன் தோத்துகினு இருக்கணும்" என்று சொல்லி விலகியவர், மறுநாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் எதிரே ரிங் ஆட வந்து நின்றார். கோட்டுக்கு வெளியே விழுந்ததை உள்ளே என்று சாதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அப்பேர்ப்பட்டவரைப் பதினோரு முறை தோற்கடித்தவன் என்ற முறையில்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

ஒருநாள் என் ரீடிங் ஏறிவிட்டது என்று அம்மா இனிப்பு டப்பாவைப் பூட்டிவிட்டார். நான் சாவியைத் திருடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, லட்டுகளை மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்துவிட்டார். அம்மாவைக் கூப்பிடவில்லை. "பசியா, ஆசையா, கோவமா? மூணும் வயித்துல ஒரே மாதிரிதான் கத்தும்" என்றார். கோபம் என்றேன். "அப்ப அத்தக் கீழ வை. முதல்ல ஊசியப் போடு. கோவத்துக்கு ரிங்கு கீது. ஆசையா கீறப்ப நம்ம ஊட்டுக்கு வா, உக்காந்து துன்னலாம்."

போனேன், பல ஞாயிற்றுக்கிழமைகள். கரையான்சாவடியிலிருந்து இரண்டு ஜாங்கிரி வாங்கி வருவார். ஊசிக் கணக்கோடு எனக்கு ஒன்று, அவருக்குப் பாதி. அந்தப் பாதியைத் தட்டில் வைத்துக் கால் மணி நேரம் சாப்பிடுவார். அப்போது பேசினால் முறைப்பார். மீதிப் பாதியைக் காகிதத்தில் மடித்து வைப்பார். அது எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை.

இப்போது பழிவாங்கல். குழுவின் எடை மெஷினில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினேன். மாமா ஏறிப் பார்த்தார், இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறிப் பார்த்தார். அன்றிலிருந்து இரண்டு வேளை நடை, ஒரு வேளை பட்டினி. நான் பால்கனியில் தோசை சாப்பிட்டபடி ரசித்தேன்.

பதினாறாம் நாள் அக்கா வீட்டில் படையல். போனவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, அவர் வந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது நம் வழக்கம். குழுவினர் இலையைப் பொறுப்பேற்றார்கள். வேகவைத்த பாகற்காய், உப்பில்லாக் கேழ்வரகுக் கஞ்சி, சர்க்கரை போடாத டீ. "அங்கயாவது கன்ட்ரோலா இருக்கட்டும்" என்றார் மாமா. எல்லோரும் தலையாட்டினார்கள். என் சட்டைப் பையில் பாதி ஜாங்கிரி இருந்தது.

கதவு சாத்தியதும் பின்வாசல் வழியாக நுழைந்தேன். மாமா எனக்கு முன்னால் அங்கே இருந்தார். இலை முன் குத்துக்காலிட்டு, பாகற்காயை ஒதுக்கிவிட்டு, காகிதத்திலிருந்து ஒரு பாதி ஜாங்கிரியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் சுகரா மாமா?"

"எட்டு வருஷமா. குரூப்ல யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை பாதியைக் கொடுத்துட்டுப் போவா. நான் நின்னுகிட்டே முழுங்குவேன், திட்டுவா."

"அப்புறம் ஏன் மாமா அப்படிப் பேசுனீங்க?"

"பயம்டா," என்றார்.

அக்காவின் பட்டியலில் அது இல்லை. என் பாதியை அவருடைய பாதியின் பக்கத்தில் வைத்தேன். கதவு திறந்தபோது இலையில் ஒரு முழு ஜாங்கிரி இருந்தது. நானும் மாமாவும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதை மாமாவிடம் காட்டிவிட்டுத்தான் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். தன் பகுதியை அவர் வெட்டவில்லை. என் மூன்று கிலோவை நம்பி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து, இரண்டு நாள் காலையில் அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. அதைக் கேட்டதும் ஓடிப்போய்த் திருகைச் சரிசெய்தேன்.

அக்காவின் ரிங் என்னிடம் இருக்கிறது. சாப்பிட உட்காரும்போது அவர் கேள்வியும் இருக்கிறது. இப்போது நான்காவதாகப் பயமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதினோரு வெற்றிகள் மட்டும் பொய். அக்காவை நான் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. நேற்று சாயங்காலம் தனசேகர் மாமா ரிங் ஆட வந்தார். அவரிடமும் தோற்றேன்.